கரிசல் வழியே ஒரு மதியச் சாப்பாடு

மதுரையிலிருந்து தெற்கே நான்குவழிச்சாலையில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் திருநெல்வேலி வந்துவிடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற இந்தச் சாலை திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று வரிசையாக வரும் ஊர்களை எல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு ஓடுகிறது. காரில் போகிறவருக்கு அவை பச்சைப் பலகையில் வந்து மறையும் பெயர்கள். இடையில் சில சுங்கச்சாவடிகள். இருபுறமும் சீமைக்கருவேலம், தூரத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ், கயத்தாறு நெருங்கும்போது காற்றாலைகள். போய்ச் சேர்ந்ததும், வழியில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் பசியைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் இவ்வளவு சொல்லக்கூடிய நிலம் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம். அதைப் பார்க்கச் சிறந்த வழி, ஒருநாள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு, ஒரு மதியச் சாப்பாட்டுக்காகவே போய் வருவது.

பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி. அங்கிருந்து கிழக்கே எட்டயபுரம் வரை ஒரு விலகல். திரும்பி வந்து மேற்கே கழுகுமலை. மதியம் சங்கரன்கோவிலில் சாப்பாடு. பிறகு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், டி.கல்லுப்பட்டி வழியாக மதுரை. விலகல்களையும் சேர்த்தால் 300 கிலோமீட்டருக்குள் முடிகிற ஒரு சுற்று. கோயில் சுற்றுலா போகிறவருக்கு எந்த ஊரில் நிற்பது என்பதை முன்னோர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மலைவாசஸ்தலத்துக்குப் போகிறவருக்கு விளம்பரங்கள் முடிவு செய்கின்றன. சாப்பாட்டை நோக்கிப் போகிறவருக்கு ஒரே ஒரு கட்டாயம்தான்: ஒரு மணிக்கு இலை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரம் அவருடையது. ஒரு வட்டாரத்தின் சாப்பாடோ மழையோடும் மண்ணோடும் சந்தையோடும் கூலியோடும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பது. அதில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மற்றவையும் கூடவே வரும்.

கரிசல் வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் காத்திருக்கும் மானாவாரி விவசாயம். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசி, மல்லி, வத்தல் ஆகியவைதான் இங்கே விளைபவை; இப்போது மக்காச்சோளம் பெரும் பரப்பைப் பிடித்துக்கொண்டது. ஈரம் இருக்கும்போது காலைப் பிடித்து இழுக்கிற இந்தக் கறுப்பு மண், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். இங்கே நெல்லுச்சோறு என்பது நெடுங்காலம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியதாகவே இருந்தது. அப்படிப்பட்ட நிலத்திலிருந்து வந்த பண்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: சேவு, கடலைமிட்டாய், கருப்பட்டி, எண்ணெயில் பொரித்த புரோட்டா, வெள்ளாட்டுக்கறி. வாழை இலையில் பதினாறு வகை கூட்டு, பொரியல் என்று விரிவது ஆற்றுப் பாசனத்தின் சமையல். கரிசலின் பண்டம் பெரும்பாலும் காய்ந்தது, நாள்பட நிற்பது, மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்பத் தோதானது. தண்ணீர் இல்லாத நிலம் தன் மக்களை வியாபாரத்துக்கும் வெளியூருக்கும் தள்ளியது. அந்த வியாபாரம்தான் இந்த ஊர்களின் ருசியை உருவாக்கியது. இந்தப் பயணத்தில் ஒவ்வொரு நிறுத்தமும் இதற்கு ஏதோ ஒரு வகையில் சான்று சொல்லும்.

முதல் சான்று மதுரையைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே கிடைக்கிறது. திருமங்கலத்துக்கும் விருதுநகருக்கும் நடுவே, கள்ளிக்குடி வட்டாரத்தில், பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது வடக்கம்பட்டி. தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் கண்ணில் படுகிற முனியாண்டி விலாஸ்களின் தாய்க்கிராமம் இதுதான். காய்ந்த காட்டை நம்பிப் பிழைக்க முடியாத குடும்பங்கள் 1930களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியூர் போய், குலசாமியின் பெயரில் அசைவ ஓட்டல் போட்டன. ஒருவர் போன ஊருக்குச் சொந்தக்காரர் ஒருவர் வேலைக்குப் போவார்; தொழில் பழகியதும் அடுத்த ஊரில் தனிக்கடை. இப்படியே கிளை விட்டுப் பரவியது அந்தப் பெயர். தினமும் முதல் வியாபாரத்தில் வரும் காசைச் சாமிக்கென்று எடுத்துவைக்கும் வழக்கமும், தை மாதத் திருவிழாவுக்கு ஓட்டல்காரர்கள் ஊர் திரும்பி, விடிய விடியக் கிடா வெட்டி, வந்தவர்க்கெல்லாம் பிரியாணியைப் பிரசாதமாகக் கொடுப்பதும் இன்றும் தொடர்கின்றன. திருவிழா இல்லாத நாளில் அங்கே போனால் பார்ப்பதற்குக் கோயிலும் தெருவும்தான். ஆனாலும் அந்த ஐந்து நிமிட விலகல் வீண்போகாது. ஒரு மாநிலத்தின் கறிச்சோற்றுப் பழக்கத்தை மாற்றிய ஊர் இவ்வளவு சின்னது என்பதைக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்.

விருதுநகருக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். விருதுபட்டி என்ற பழைய பெயர் 1923இல் மாறியது. அங்கே எதுவும் பெரிதாக விளைவதில்லை; எல்லாம் விலை போகும். 1876இல் மதுரை–தூத்துக்குடி ரயில்பாதை போடப்பட்டபோது, சுற்றுக் காட்டுப் பருத்தியும் வத்தலும் பயறும் துறைமுகம் போகும் வழியில் வந்து குவிகிற இடமாக இந்த ஊர் ஆனது. இன்றைக்கும் வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பத்திரிகைகளில் தனியாக வருகிறது. நல்லெண்ணெயை நாடெங்கும் பெயர் சொல்லி விற்ற வீடு இந்த ஊரில் இருக்கிறது; பொவண்டோ குளிர்பானத்தைத் தருகிற காளிமார்க்கும் 1916இல் இங்கேதான் தொடங்கியது. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை மகமையாக எடுத்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி, வியாபாரிகள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1903இல் இந்த ஊரில் பிறந்த காமராஜர் படித்ததும் அப்படி நடந்த பள்ளியில்தான். இந்த விஷயம் பயணத்தில் பின்னால் மறுபடி வரும்.

விருதுநகரின் பெயர்பெற்ற எண்ணெய் புரோட்டா சாயங்காலப் பண்டம். மதியத்துக்குப் போகிறவருக்கு அது கிடைக்காமல் போகலாம். ஆனால் அது எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கலாம். உள்ளங்கை அளவு தட்டிய புரோட்டாக்களை வரிசையாக அடுக்கி, எண்ணெய் நிற்கிற பெரிய கல்லில் முங்கப் போட்டுப் பொரித்தெடுக்கிறார்கள். ஓரம் மொறுமொறுவென்று இருக்கும், நடுவே மெத்தென்று இருக்கும். அதைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றியதும் பொரிந்த ஓரங்கள் கொஞ்ச நேரம் விறைப்பாக நின்று, பிறகு ஊறி இளகும். அந்த இடைவெளிக்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்தான் விவரமானவர். எண்ணெய் வியாபாரம் நடக்கிற ஊர், இருட்டிய பிறகும் மூட்டை ஏற்றி இறக்குகிற ஆட்கள், அவர்களுக்கு வயிறு நிறைய, சீக்கிரம் கிடைக்க வேண்டிய சாப்பாடு. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் இப்படி ஒரு பண்டம் வேரூன்றியதில் வியப்பு இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது வலுவான மறுப்பு. மைதா எந்தக் கரிசல் காட்டில் விளைகிறது? பிரியாணி அரிசி எங்கிருந்தோ வருகிறது. கடலைமிட்டாயின் வெல்லம் தேனிப் பக்கத்துச் சரக்கு. பல கடைகளில் பொரிக்கிற எண்ணெய் கப்பலில் வந்த பாமாயில். அப்படியிருக்க இவற்றை மண்ணின் உணவு என்பது வெறும் ஆசைப்பேச்சு அல்லவா? பொருள்களை மட்டும் பார்த்தால் மறுப்பு சரிதான். கம்மங்கூழும் குதிரைவாலிச் சோறும்தான் இந்த மண்ணின் உணவு. அவை ஓட்டல்களில் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு பண்டத்தை ஓர் ஊருக்குச் சொந்தமாக்குவது அதில் சேரும் பொருள்கள் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால், மிளகாய் வராத காலத்துக்குப் போகாமல் எந்தத் தமிழ்ச் சமையலையும் தமிழ்ச் சமையல் என்று சொல்ல முடியாது. யார், எந்த வேலை முடித்து, எந்த நேரத்தில், எவ்வளவு காசுக்குச் சாப்பிட்டார்கள் என்பதும் சேர்ந்துதான் ஒரு பண்டத்தை ஊரோடு கட்டிப்போடுகிறது. அந்தக் கணக்கில், வெளியிலிருந்து சரக்கு வாங்கி, வேலை செய்து, வெளியே விற்றுப் பிழைக்கிற கரிசல் ஊர்களின் இயல்புக்கு மைதா புரோட்டாவைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது.

சாத்தூரில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. காரச்சேவு வாங்கிக்கொள்ளலாம், கோடையானால் வைப்பாற்றுப் படுகைப் பக்கத்து வெள்ளரிப் பிஞ்சும் கிடைக்கும். பேனா நிப்பு செய்வது இந்த ஊரில் ஒரு குடிசைத்தொழிலாகவே இருந்தது. பால்பாயிண்ட் பேனா வந்து அதை முடித்துவைத்தது. சேவு பிழைத்துக்கொண்டது, நிப்பு பிழைக்கவில்லை.

கோவில்பட்டியில் நிற்க வேண்டும், அதுவும் கடலைமிட்டாய் போடுகிற இடத்தில். கடையில் வாங்குவது எங்கும் முடியும். செய்வதைப் பார்ப்பது இங்கேதான். நிலக்கடலையை வறுத்து, தோலைப் புடைத்து நீக்கி, இரண்டாக உடைத்து வைத்திருப்பார்கள். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுகிறார்கள். பாகு முற்றிவிட்டதா என்பதற்கு அளவுகோல் கிடையாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, அது விறைப்பதை விரலால் பார்த்துச் சொல்கிறார் பாகு போடுகிறவர். ஒரு நிமிடம் முந்தினால் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். கடலையைக் கொட்டிக் கிளறிப் பலகையில் கவிழ்த்து, சூடு ஆறுவதற்குள் உருளையால் தேய்த்து மட்டமாக்கி, கத்தியால் கோடு போட்டு வெட்ட வேண்டும். சில கடைகளில் மேலே சாயம் போட்ட தேங்காய்ப்பூவைச் சிவப்பும் பச்சையுமாகத் தூவுவார்கள். 2020இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே ஊரில்தான் 1901இல் ஏற்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கருங்கண்ணிப் பருத்தியோடும் மானாவாரிப் பயிர்களோடும் அது நூறு ஆண்டுக்கு மேலாக மல்லுக்கட்டுகிறது. குடிக்கும் தண்ணீரே தாமிரபரணியிலிருந்து குழாயில் வரவேண்டியிருக்கிற ஊர் இது. இங்கே தொழிலாக நிலைத்த தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் இரண்டுமே காய்ந்த காற்று கேட்கும் வேலைகள்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் 15 கிலோமீட்டர் போல இருக்கும். சங்கரன்கோவில் மேற்கே இருக்க, கிழக்கே திரும்புவது கணக்குக்கு ஒத்துவராத காரியம்தான். ஆனால் இந்தப் பயணத்தில் ஒரே ஒரு விலகலுக்குத்தான் நேரம் உண்டு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பாரதி 1882இல் பிறந்த வீடு இங்கே இருக்கிறது. கல்கி முன்னின்று பொதுமக்களிடம் நிதி திரட்டி எழுப்பிய மணிமண்டபத்தை 1947இல் ராஜாஜி திறந்துவைத்தார். முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும் இதே சிற்றூரில் உண்டு. இவை போதாதென்று, மதியச் சாப்பாட்டைத் தேடிப் போகிறவர் மறக்கக்கூடாத இன்னொன்றும் இங்கேதான் நடந்தது. 1956இல் காமராஜர் பள்ளிப்பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். அதற்கு முன் 1920களிலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் சாப்பாடு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மாநிலம் முழுமைக்குமான ஏற்பாடாக அது எழுந்தது கரிசலிலிருந்து. பிடியரிசியில் நடந்த பள்ளியில் படித்தவர், பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. முதலில் ஊர்மக்கள் கொடுத்த அரிசியும் பருப்பும்தான் அந்தத் திட்டத்தைப் பெருமளவு தாங்கின. 1982இல் அது சத்துணவாக விரிந்தது; 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவும் சேர்ந்தது, அதுவும் இந்தப் பயணம் கிளம்புகிற மதுரையில். நல்ல சாப்பாடு தேடி எட்டு மணி நேரம் காரோட்ட வசதி உள்ளவர் அந்தப் பயணத்தில் இருபது நிமிடமாவது இந்த ஊரில் நிற்பது நியாயம் என்று நினைக்கிறேன். கரிசலுக்கு மதியச் சோறு ஒரு சுகமாக இருந்ததே இல்லை. போராடிப் பெற்ற ஒன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து கழுகுமலைக்குப் போகும்போது பதினோரு மணி வெயில் ஏறியிருக்கும். பாறையின் மேல் வெட்டுவான் கோயில். பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டு வாக்கில், மலையின் ஒரு பகுதியை மூன்று பக்கமும் வெட்டித் தனியாக்கி, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மேலே சிகரமும் நந்திகளும் உருவாகிவிட்டன. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி உருவாகிவிட்டார். கீழே இறங்கி வரும் வழியில் உளி நின்றுவிட்டது. அடிப்பகுதி வெறும் பாறைதான். உளித்தடங்கள் அப்படியே தெரிகின்றன. பக்கத்திலேயே சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக. அடியில் வட்டெழுத்தில், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அதில் உண்டு. சாப்பாட்டைப் பற்றிய என் வாதத்துக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு எதுவும் இல்லை. இருப்பதாகக் காட்ட முயல்வதும் நேர்மையாகாது. ஒரு மணிக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி இலை போடப்போகிறார்கள் என்கிற ஒரே காரணத்தால் இப்படி ஒரு பாறை முன்னால் போய் நிற்க நேர்கிறது. விலகல் என்பதன் பயனே இதுதான். வாதத்துக்குள் அடங்காதவற்றையும் அது காட்டிக்கொடுக்கும்.

சங்கரன்கோவிலை ஆடித்தபசுக்காக அறிந்தவர்கள் பலர். மட்டன் பிரியாணிக்காக அறிந்தவர்களும் அதே அளவு இருப்பார்கள். அதன் சிறப்புக்குக் காரணம் மசாலா ரகசியம் என்பார்கள். எனக்கு ஆடுதான் காரணம் என்று படுகிறது. தெற்குக் கரிசலில் கொடியாடு என்கிற உயரமான வெள்ளாட்டு இனமும், உடம்பெல்லாம் பொட்டு போட்ட வேம்பூர் செம்மறியும் உண்டு. அறுவடை முடிந்த காட்டிலும் ஓடைக் கரையிலும் கருவேலங்காய் பொறுக்கி நாளெல்லாம் நடந்து வளர்ந்த உடம்பு, கொழுப்பு குறைவு, கறியில் வாசம் இருக்கும். மானாவாரிக்காரருக்கு மழை பொய்த்த வருஷத்தில் கைகொடுப்பது ஆடுதான். பயிர் போனாலும் ஆட்டை விற்று ஒரு வருஷத்தைத் தள்ளிவிடலாம். அதனால்தான் நெல் விளையாத இந்தப் பக்கத்தில் கறி தரமாகக் கிடைக்கிறது. இலையில் பிரியாணி விழுந்ததும் ஆவியோடு வருவது நெய் வாசனையைவிடக் கறியின் வாசனைதான். எலும்போடு ஒட்டிய துண்டுகள், பக்கத்தில் தயிர் வெங்காயம், கேட்டால் ஒரு கரண்டி குழம்பு. தனியாகப் போனவருக்கு என்று தனி மேசை கிடையாது. வியாபாரி ஒருவர், கோர்ட்டுக்கு வந்தவர் ஒருவர், பிள்ளைக்குப் பார்சல் சொல்லிவிட்டுக் காத்திருப்பவர் ஒருவர் என்று மேசை நிறையும். மழை எப்படி, வத்தல் விலை எப்படி என்கிற பேச்சு தானாக நடக்கும். நாலு பேராகப் போனவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஒற்றை ஆளோடுதான் ஊர் பேசும். தனியாகப் போகச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

இந்தக் காரணத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறைக்கக்கூடாது. நான் சொல்கிற இந்தச் சுதந்திரம் ஆணுக்குக் கிடைப்பதுபோல ஒரு பெண்ணுக்கு இன்னும் கிடைப்பதில்லை. சிறுநகர அசைவ ஓட்டல்களில் மதிய நேரத்துக் கூட்டம் பெரும்பாலும் ஆண்கள். பல இடங்களில் கழிப்பறை பெயருக்குத்தான். தனியாக வந்து உட்காருகிற பெண்ணை நோக்கி ஒரு கேள்விப் பார்வை எழாத ஊர்கள் குறைவு. பெண்கள் அப்படிப் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்பதும் உண்மை. அவர்கள் போகப் போகத்தான் இது மாறும் என்று சொல்லிக் கைகழுவுவது சரியல்ல. ஓட்டல்காரர்களும் நகராட்சிகளும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

ஒருவருக்கு ஒரு கார் என்பதே வீண், பஸ்ஸில் போனால் என்ன என்பது அடுத்த மறுப்பு. பஸ்ஸில் போகலாம், கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் மூன்றுக்கும் இடையே வண்டிக்குப் பஞ்சமில்லை. ஒருநாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸிலும் இப்போது தேர்ந்தெடுத்துத்தான் ஏற வேண்டும். முகப்பில் ‘பைபாஸ் ரைடர்’ என்று எழுதிய வண்டிகள் இந்த ஊர்களுக்குள் நுழைவதில்லை. நான்குவழிச்சாலை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பழைய ஏழாம் எண் நெடுஞ்சாலை ஊர் நடுவே லாரிகளை விட்டுக் காவுவாங்கிய காலத்தை இங்கே உள்ளவர்கள் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சாலையில் போகிறவர்கள் வழியில் செலவழித்த காசு முன்பு ஊருக்குள் விழுந்தது. இன்று சுங்கச்சாவடியிலும், புறவழியோரம் முளைத்த பெரிய உணவகங்களிலும் விழுகிறது. அங்கேயும் கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று ஒன்று விற்கும். அதைச் செய்தது எந்த ஊர் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். ஐந்து நிமிடம் ஊருக்குள் திரும்புகிறவர் பண்டத்தோடு அதைச் செய்தவரையும் பார்த்துக் காசு கொடுக்கிறார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வறுமைக்கு வர்ணம் பூசுகிறீர்கள் என்று ஒருவர் சொல்லலாம். வறட்சி நல்ல பண்டங்களைத் தந்தது என்று சொல்வது எளிது. அதே வறட்சிதான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிடுங்கித் தீப்பெட்டி ஆபீஸில் உட்காரவைத்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக் குழந்தைத்தொழிலாளர் நிலை 1980களில் நாடு முழுக்கப் பேசப்பட்ட அவமானம். இந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கிறேன், அதனால்தான் எட்டயபுரத்தை இந்தப் பயணத்தின் மையத்தில் வைக்கிறேன். வறுமையை ரசிக்கிறவர் எண்ணெய் புரோட்டாவோடு திரும்பிவிடுவார். அந்த நிலம் தன் பசிக்கு என்ன பதில் சொன்னது என்று பார்க்கிறவருக்கு மூன்று பதில் கிடைக்கிறது: வடக்கம்பட்டி வெளியூர் போனது, விருதுநகர் வியாபாரம் செய்தது, எட்டயபுரத்தில் அரசு சோறு போட்டது. முதல் இரண்டும் முடிந்தவர்களுக்கு உதவின. முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் எட்டியது மூன்றாவதுதான்.

சங்கரன்கோவிலைத் தாண்டி ராஜபாளையம் நெருங்க நெருங்க நிலம் மாறிவிடுகிறது. மேற்குத்தொடர்ச்சி மலை பக்கத்தில் வந்துவிடும். கிணறு, தென்னை, மா, பஞ்சாலைகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் இருக்கிறது, அதனால் பால்கோவா இருக்கிறது. விறகடுப்பில் அகன்ற இரும்புச்சட்டியில் பாலும் சீனியும் சுண்டி வரும்போது கிளறுகிறவர் கையை நிறுத்தக்கூடாது. 2019இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் பத்து நாளில் கெட்டுப்போகிற இந்தப் பண்டத்தையும், மாதக்கணக்கில் நிற்கிற கடலைமிட்டாயையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவருக்கு, ஒரே மதியத்தில் இரண்டு நிலங்களைக் கடந்துவிட்டோம் என்பது நன்றாகப் புரியும்.

கடைசி நிறுத்தம் டி.கல்லுப்பட்டி. 1940இல் தொடங்கிய காந்திநிகேதன் ஆசிரமம் இங்கே இருக்கிறது. பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் கடைசிக் காலத்தை இங்கேதான் கழித்தார். செக்கெண்ணெய்க்கும் பனைவெல்லத்துக்கும் கைக்குத்தல் அரிசிக்கும் அவர் வாதாடியது பழமைப்பற்றால் அல்ல. அந்தந்த ஊரில் கிடைப்பதை வைத்து அந்தந்த ஊரார் பிழைக்க வழி இருக்க வேண்டும் என்ற கணக்கால். இந்தப் பாதையின் பண்டங்களை அவர் கணக்கில் வைத்தால் பாதிக்கு மேல் தேறாது. சீனியும் மைதாவும் பாமாயிலும் அவர் எதிர்த்த பொருளாதாரத்தின் சரக்குகள். நான் மேலே மைதாவுக்குச் சொன்ன சமாதானத்தை அவர் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு என் பதில் ஒன்றுதான்: கரிசல்காரர்கள் பிழைத்துக்கொள்ள நினைத்தபோது கையில் அகப்பட்டது அவைதான். இப்போது கம்பும் குதிரைவாலியும் நகரத்துக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கின்றன. அவற்றை விளைவிக்கிற ஊர்களின் மதியச் சாப்பாட்டுக் கடையில் ஒரு வாரத்தில் இரண்டு நாளாவது அவை இலைக்கு வந்தால் குமரப்பாவின் கணக்கும் ஓரளவு நேராகும். வண்டியை நிறுத்த இன்னொரு காரணமும் கிடைக்கும்.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். விருதுநகர் மார்க்கெட்டும் மிட்டாய்ப் பட்டறைகளும் வேலைநாளில்தான் பார்க்கத் தக்கவை. மாதம் என்று கேட்டால், காடு பச்சையாக இருக்கிற மார்கழியைத்தான் பலரும் சொல்வார்கள். நான் பங்குனியைச் சொல்வேன். அப்போது வெள்ளாமை வீடு வந்து சேர்ந்திருக்கும், மண் வெடிக்கத் தொடங்கியிருக்கும், வெறுங்காட்டில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். கழுகுமலைச் சாலையில் கிடைக்கு ஆடு ஓட்டிப்போகிறவர்களுக்கு வழிவிட எப்படியும் ஒரு கால்மணி நேரமாகும். அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு சங்கரன்கோவிலுக்குக் கிளம்ப வேண்டும், மதியம் தாண்டினால் பிரியாணி கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.